தொண்டையில் சீனிப்பொடி

மெல்லத் தம்பி, மெல்ல. வாயில் ரஸ்க்கை வைத்துக்கொண்டு போனில் பேசினால் இப்படித்தான் புரையேறும். அவசரப்பட்டு மூச்சை இழுக்காதீர்கள். குனிந்துகொள்ளுங்கள். மூக்கால் மூச்சு விடுங்கள். ஆ, அப்படித்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், யாரோ செத்துப்போன சேதி வந்தது என்று கண்டக்டர் நினைக்கப் போகிறார்.

இந்த இருமலைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் இந்த ஜில்லாவில் கிடையாது. இதை வைத்து நான் ஒரு ஆளையே சாய்த்திருக்கிறேன். அரிவாள் இல்லை, கோர்ட்டு இல்லை, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. மைதா, வெண்ணெய், சீனி. நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, கேளுங்கள். ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறான், பாளையங்கோட்டை போய்ச் சேர இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கிறது.

என் பெயர் கோயில்பிள்ளை. ஊர் தோத்திரவிளை. மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். அது சோற்றுக்கு. மற்றபடி நான் பாடகன். எங்கள் கோயில் பாடகர் குழுவில் டெனார், அதாவது ஆண்களில் உச்சக்குரல். என் குரல் அந்தக் காலத்தில் எப்படி என்றால், நான் கம்பத்தின் மேல் நின்றுகொண்டு கீழே நிற்கிற ஆளிடம் ‘பியூஸைப் பிடுங்கு’ என்று சாதாரணமாகச் சொல்வேன், அடுத்த ஊர்க்காரன் பியூஸைப் பிடுங்கிவிடுவான். அந்த ஊர் இருட்டாகக் கிடக்கும். இங்கே என் கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். இதற்காக எனக்கு மெமோகூடக் கொடுத்தார்கள், ‘குரலைத் துறையின் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது’ என்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயந்திரம் எங்கள் கோயிலில் கீத ஆராதனை நடக்கும். நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவரோ, அதனால் சொல்கிறேன். வேதத்தில் ஒரு பகுதி வாசிப்பார்கள், அதற்கு ஒரு பாட்டு. மறுபடி ஒரு வாசிப்பு, மறுபடி ஒரு பாட்டு. பாடகர் குழு வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு வரிசையாக வரும். மதராஸில் இருக்கிறவன், மஸ்கட்டில் இருக்கிறவன் எல்லாம் அன்றைக்கு ஊரில் இருப்பான். அதில் மேய்ப்பர் பாட்டு என்று ஒரு பாட்டு. மூன்றாம் சரணம் மட்டும் ஒற்றைக்குரல். ஆர்கனை நிறுத்திவிடுவார்கள். கோயில் முழுக்க ஒரே ஒருத்தன் தொண்டைதான். அந்தத் தொண்டை என்னுடையது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்தே என்னுடையது. ரஞ்சி, அதாவது என் வீட்டுக்காரி மனோரஞ்சிதம், அந்தச் சரணத்தைக் கேட்டுத்தான் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். அவள் ஆல்டோவில், பெண்களில் கீழ்க்குரல் வரிசையில், நிற்பாள். இல்லை, கேட்டதற்குப் பிறகும் சம்மதித்தாள் என்று அவள் சொல்வாள். பெண்கள் அப்படித்தான் மாற்றிச் சொல்வார்கள்.

அப்படி இருக்கும்போது வந்தான் எபனேசர்.

பல் டாக்டர். கோயம்புத்தூர்ப் பக்கம். எங்கள் ஊர் மருமகன். பஜாரில் மருந்துக்கடை மாடியில் ஆஸ்பத்திரி போட்டான். எங்கள் பாடகர் குழுவிலும் டெனாராக வந்து சேர்ந்தான். வெள்ளை ஷூ. நாற்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை ‘அங்கிள்’. தம்பி, எங்கள் ஊரில் அண்ணாச்சி என்பார்கள், ஐயா என்பார்கள், பிடிக்காதவன் வேய் என்பான். அங்கிள் என்றால் என்ன உறவு? அவன் அப்பன் எனக்கு அண்ணனா தம்பியா? அங்கிருந்தே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. ஆளும் வஞ்சகன். எப்படி என்று கேளுங்கள். யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்பான். கிழவிகளுக்குக் காசு வாங்காமல் பல் பிடுங்குவான். இதெல்லாம் நல்லவன் செய்கிற வேலையா?

எனக்கு அப்போது பல் ஆடிக்கொண்டிருந்தது. ரஞ்சி பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மிச்சம் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டுப் பல்செட் மாட்டிவிட்டான். மாட்டி முடித்ததும், ‘ஏதாவது பேசிப் பாருங்க அங்கிள்’ என்றான். நான் ‘ஸ்தோத்திரம்’ என்றேன். விசில் அடித்தது. கீழே மருந்துக்கடை வாசலில் படுத்திருந்த நாய் படியேறி வந்து என் முன்னால் உட்கார்ந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்றான். எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. டெனார் பாடுகிற ஒருத்தன், இன்னொரு டெனார் வாயில் கையை விடுகிறான். சும்மா விடுவானா? அளவெடுத்து, யோசித்து, என் மூன்றாம் சரணத்தைப் பாதி வழியில் மடக்குகிற மாதிரி ஒரு பல்லை வைத்துவிட்டான்.

அந்த வருஷக் கீத ஆராதனையில் நான் பாடினேன். நன்றாகத்தான் பாடினேன். மெழுகுவர்த்திப் புகை கொஞ்சம் அதிகம், வேறொன்றுமில்லை. அடுத்த வருஷம் நவம்பரில் ஒத்திகை ஆரம்பித்தபோது, பாடகர் குழுவை நடத்துகிற தவமணி டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதமே சரியில்லை. துக்க வீட்டில் உட்கார்கிற மாதிரி ஓரமாக உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, இந்த வருஷம் மூணாம் சரணம் டாக்டர் எடுக்கட்டும். நீங்க பின்வரிசையில தூணு மாதிரி நின்னு எல்லாரையும் தாங்குங்க.”

தூண் பாடுமா தம்பி? தூண் பாடி எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? சரி டீச்சர் என்றேன். அந்தப் பக்கம் எபனேசர் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். குற்றமுள்ளவன் அப்படித்தான் குனிவான்.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அடுத்த வேளையும் சாப்பிடவில்லை. ரஞ்சி பிஸ்கோத்து சுட்டு வைத்தாள். பல்செட் வந்த நாளிலிருந்து எனக்கென்றே சுடுவாள். முறுக்கு, அதிரசம் எல்லாம் எனக்கு ஆகாமல் போய்விட்டது அல்லவா. இது வாயில் வைத்தால் போதும், பல் தேவையில்லை, தானாகச் சரிந்து விழும். அவனவன் சுடுவதற்கு மிஷின் வாங்கி வைத்திருக்கிறான், எங்கள் வீட்டில் அதெல்லாம் இல்லை. அகலமான அலுமினியச் சட்டி, அடியில் ஆற்றுமணல், அதன்மேல் ஒரு வளையம், வளையத்தின் மேல் தட்டு, மேலே மூடி. மணல் காய்ந்து கொடுக்கிற சூட்டில்தான் வேகும். எடுத்த சூட்டில் சீனிப்பொடியில் ஒரு புரட்டு, ஆறின பிறகு இன்னொரு புரட்டு. முதல் புரட்டு உருகி ஒட்டிக்கொள்ளும், இரண்டாவது பஞ்சு மாதிரி மேலே நிற்கும்.

ஒன்றை எடுத்துக் கடித்தேன். கடிக்கிற நேரத்தில் எபனேசரின் ஷூ ஞாபகத்துக்கு வந்தது. ஹும் என்று ஒரு மூச்சு இழுத்தேன். தம்பி, அந்தப் பொடி போன இடம் உணவுக்குழல் இல்லை. நான் இருமின இருமலில் ஓட்டில் இருந்த பூனை கீழே விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரன் ஜெபப் புத்தகத்தோடு வந்துவிட்டான். தண்ணீரைக் குடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பேசப் பார்க்கிறேன், குரல் வரவில்லை. நெடுநேரம் வரவில்லை. வெறும் காற்று. காற்று வந்துகொண்டிருக்கும்போதே நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். ரஞ்சி பயந்துபோனாள்.

புரிகிறதா? கடிக்கிற நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தால் போதும்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கீத ஆராதனைக்கு முன்னால் வெஸ்ட்ரியில், அதாவது ஐயர், எங்கள் பாதிரியார், அங்கி மாட்டுகிற அந்தச் சின்ன அறையில், பாடகர் குழு கூடி ஜெபம் பண்ணிவிட்டுக் கறுப்புக் காப்பி குடிப்போம். கூடக் கடிக்க ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வரும். இந்த முறை எங்கள் வீடு என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். பகையை மறந்து முன்வந்தேன் என்று டீச்சர் கண்கலங்கினாள். அழுகிற சுபாவம் அவளுக்கு.

நானே சுடுவேன் என்று ரஞ்சியிடம் சொன்னேன். எதிரிக்கு வைக்கிற குறியை அடுத்தவர் கையில் கொடுக்கலாமா? அடுப்படிப் பக்கமே போகாதவன் நான். முதல் தட்டு கரியாகிவிட்டது, மணலை அளவுக்கு மீறிக் காயவிட்டேன். அடுத்த தட்டில் வெண்ணெய் கூடிப்போய் எல்லாம் ஒன்றாக உருகி ஓடி, தட்டளவுக்கு ஒரே பிஸ்கோத்து. அதை வெயிலில் வைத்திருந்தால் ஒரு குடும்பம் நிழலுக்கு ஒதுங்கியிருக்கும். அப்புறம் ரஞ்சி பக்கத்தில் வந்து நின்றாள். மாவைப் போட்டு இப்படி அடிக்காதிய, பிசையவே கூடாது, விரல் நுனியால சேத்து வச்சா போதும், பிசைஞ்சா இறுகிப்போகும் என்றாள். வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும், கை குளிர்ந்திருக்க வேண்டும். என் கை கொதித்துக்கொண்டிருந்தது. அதைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டாள்.

நான் செய்தது எப்படி வந்தது தெரியுமா? பக்கத்தில் நின்று சத்தமாக ஆமென் சொன்னால் உடைந்துவிடும். அவ்வளவு மெது. கடைசியில் பொடி சலிக்கும்போது ரஞ்சி கேட்டாள்.

“அந்தப் பிள்ளைய என்ன செய்யப் போறிய?”

“பிஸ்கோத்து கொடுக்கப் போறேன்.”

“கொடுத்துட்டு?”

“ஒரு கதை சொல்லப் போறேன். வாயில வச்ச நேரம் பாத்து.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளும் அந்த இருமலைப் பார்த்தவள்தானே.

“சபைக்கு முன்னால அவருக்கு மூச்சு முட்டுனா? மாமியா முன்வரிசையில இருப்பாவ. பொண்டாட்டி பிள்ளைய இருக்கும்.”

“இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும். வாயைத் தொறந்து காத்து மட்டும் வரட்டும். அப்போ நான் முன்னால வந்து அந்தச் சரணத்தை எடுப்பேன். தூணு எப்படிப் பாடும்னு அன்னைக்குக் காட்டுதேன்.”

“போன வருஷம் அந்தச் சரணத்துல நீங்க...” என்று ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்திக்கொண்டாள். சல்லடையை என் கையில் கொடுத்து, “ரெண்டு தடவ சலிங்க, கட்டி நிக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன வருஷம் என்ன? போன வருஷம் புகை. நான்தான் சொன்னேனே.

அன்றைக்குச் சாயந்திரம் வெஸ்ட்ரியில் எல்லாரும் அங்கி மாட்டிக்கொண்டு நிற்கிறோம். ஐயர் ஜெபம் பண்ணினார். ரஞ்சி காப்பி ஊற்றிக்கொண்டு வந்தாள். எபனேசருக்கு அங்கியின் கழுத்துப் பட்டி மடங்கியிருந்ததோ என்னவோ, அதைச் சரிபண்ணுகிற சாக்கில் அவன் காதுப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். அவளுக்கு எல்லார் துணியும் நேராக இருக்க வேண்டும். நான் தட்டை எடுத்துக்கொண்டு நேரே அவன் முன்னால் போய் நின்றேன்.

“நானே சுட்டது டாக்டர். ஒண்ணு எடுங்க.”

பல் டாக்டர் சீனி தின்ன மாட்டான் என்று பயம் இருந்தது. அவனோ என் முகத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், எடுத்தான். வாயில் வைத்தான். நான் கதையை விட்டேன். கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு கீழே போகிற உபதேசியாரிடம் ‘ஏணியை விட்டுராதேயும்’ என்று நான் கத்தினதும், அவர் மேலே பார்க்காமல் நடுரோட்டில் முழங்கால் போட்டு விழுந்ததும், பரலோகத்திலிருந்து தனக்குச் சத்தம் வந்தது என்று அந்த மாதம் முழுக்கப் பிரசங்கம் பண்ணினதும். அந்தக் கதைக்குச் சிரிக்காதவன் பிணம். பேஸ், அதாவது அடிக்குரல், பாடுகிற ரெண்டு பேரும் சிரித்தார்கள், சீனி உள்ளே போய், ஒருத்தன் முதுகில் ஒருத்தன் தட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கும் புரையேறியது. எபனேசர்? உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மருந்து முழுங்குகிற மாதிரி நிதானமாக மென்று முழுங்கினான். கண்ணை மட்டும் என் மேல் வைத்திருந்தான். முழுங்கி முடித்த பிறகுதான் சிரித்தான்.

“ரொம்ப நல்லா இருக்குங்க அங்கிள். பல்லுக்கு வேலையே இல்லைங்க.” இன்னொன்று எடுத்துக்கொண்டான்.

தம்பி, எனக்குக் காலுக்குக் கீழே தரை இல்லை. அத்தனை நாள் உழைப்பு. பவனியில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், மெழுகு என் விரலில் சொட்டுகிறது, எனக்குச் சுடவில்லை. பின்வரிசையில் போய்த் தூணாக நின்றேன்.

மேய்ப்பர் பாட்டு வந்தது. முதல் சரணம், இரண்டாம் சரணம். ஆர்கன் நின்றது. எபனேசர் முன்னால் வந்தான். வாயைத் திறந்தான். திறந்தவன் திரும்பி என்னைப் பார்த்தான். அப்புறம் கையை மடக்கி வாயில் வைத்து இருமினான். மறுபடி இருமினான். டீச்சரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, கையை என் பக்கம் நீட்டினான்.

இங்கேதான் என் கைப்பக்குவத்தை நீங்கள் மெச்ச வேண்டும். சாதாரணப் பொடி என்றால் தின்ற உடனே வேலை செய்யும். என்னுடையது ரெண்டு தடவை சலித்தது, அவ்வளவு நைசு. தொண்டையில் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்து, அத்தனை வாசிப்பும் அத்தனை பாட்டும் முடிகிறவரை பொறுத்திருந்து, சரியாக அந்தச் சரணம் வந்ததும் எழுந்து பிடித்திருக்கிறது. எதிரிகூட என்னைத்தானே கைகாட்ட வேண்டியிருந்தது?

நான் முன்னால் போனேன். முதல் அடியை மெதுவாகத் தொடங்கினேன். எவ்வளவு மெதுவென்றால், முன்வரிசையில் இருந்தவர்கள் காதைக் கொடுத்து முன்னால் குனிந்துவிட்டார்கள். ஜனங்களைக் குனியவைக்கிற பாட்டு அது. இரண்டாம் அடியில் பல்செட் லேசாக விசில் அடித்தது, மேய்ப்பன் என்றால் விசில் அடிக்கத்தானே செய்வான். அந்த உச்சிக்கு ஏறுகிற இடம் வந்தது. அங்கே நான் ஒரு நிறுத்தம் கொடுத்தேன். வேண்டுமென்றுதான் கொடுத்தேன். நல்ல பாடகனுக்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும். கொஞ்சம் நீளமான நிறுத்தம். மெழுகுவர்த்தி எரிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அந்த நிறுத்தத்தின் அழகை ரஞ்சியால் தாங்க முடியவில்லை. ஒற்றைக்குரல் என்று தெரிந்தும், ஆல்டோவிலிருந்து அவள் பாட்டுக்குப் பாட ஆரம்பித்துவிட்டாள். அவளைப் பார்த்து மேல்குரல் பாடுகிற சொப்ரானோப் பெண்கள், அப்புறம் பேஸ். ஒருத்தருக்கும் கட்டுப்பாடு இல்லை. எனக்கு நேர் பின்னால் டெனாரில் ஒருத்தன் அந்த உச்சியை எடுத்தான் பாருங்கள், என் முதுகில் கை வைத்துத் தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. அவ்வளவு சுத்தம். யாரென்று திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை. இருமிக்கொண்டிருந்தவனாக இருக்க முடியாது.

முடிந்து வெளியே வந்ததும் ஜனங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் அழுதாள். ரஞ்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு அந்த வெஸ்ட்ரியில் காற்றெல்லாம் சீனிப்பொடிதான். எபனேசர் வந்து வாழ்த்துச் சொன்னான். தோற்றவன் வாயால் வாழ்த்து வாங்குகிற ருசி இருக்கிறதே, அதற்கு முன்னால் எந்தப் பிஸ்கோத்தும் நிற்காது.

அதோடு அவன் கதை முடிந்தது. இந்த வருஷ ஒத்திகைக்கு டீச்சர் அவனைக் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு இருமினதிலிருந்து தொண்டை சரியில்லை, மூன்றாம் சரணம் அங்கிளே பாடட்டும், நான் பின்னால் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டானாம். ஒரே தட்டுப் பிஸ்கோத்தில் ஒரு டெனாரை ஒழித்துக்கட்டினவன் தமிழ்நாட்டில் வேறு யார் இருக்கிறான் சொல்லுங்கள்.

என்ன கேட்டீர்கள்? பாளையங்கோட்டைக்கு எதற்கா? பல்செட் தளர்ந்துபோய்விட்டது. பேசும்போதே இறங்குகிறது, பார்த்தீர்களா. அங்கே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறாராம்.

எங்கள் ஊரில் டாக்டர் இருக்கிறானே என்று ரஞ்சியும்தான் கேட்டாள். அவள் பிடுங்கல் தாங்காமல் போன வாரம் மருந்துக்கடை மாடிக்கு ஏறத்தான் ஏறினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். உள்ளே பாட்டுக் கேட்டது. மூன்றாம் சரணம். கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே மிஷின் ஓடுகிறது, அந்தச் சத்தத்துக்கு மேலே அந்த உச்சி இடம், ஒரு பிசிறு இல்லாமல். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, “டாக்டர் பாடிக்கிட்டேதான் புடுங்குவாரு, வலியே தெரியாது” என்றாள். அது ரேடியோ என்று சொன்னேன். அவருதான் என்றாள். ரேடியோ என்று மறுபடியும் சொன்னேன். அவனுக்குத்தான் தொண்டை போய்விட்டதே, நான்தானே முடித்துவைத்தேன், எனக்குத் தெரியாதா?

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சரணம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால் பாதியில் எழுந்து போகக் கூடாது. அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் படியிறங்கி வந்துவிட்டேன். மேலே ஏறிக் கதவைத் திறந்தால் நிறுத்திவிடுவான்.